சிறப்புக் கல்வி ஆசிரியர் வேலை எப்படிப்பட்டது? காது கேளாதோர் பள்ளியில் ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியையின் பதில்

கேள்வி இது: "மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்வி படிக்க வேண்டும் என்கிறாள். சொந்தக்காரர்கள் எல்லாம் 'புண்ணியமான வேலைதான், ஆனால் அதற்கு ரொம்பப் பொறுமை வேண்டும், வருமானமும் இருக்காது' என்கிறார்கள். இந்த வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது உள்ளபடி சொல்லுங்கள்."

நான் 1984ல் தென்மாவட்டம் ஒன்றில் அரசு உதவி பெறும் காது கேளாதோர் பள்ளியில் சேர்ந்து, 2019 மே மாதம் அதே பள்ளியில் ஓய்வு பெற்றேன். அதனால் என் பதில் பெரும்பாலும் காது கேளாத பிள்ளைகளைப் பற்றியதாகத்தான் இருக்கும். பார்வையற்றோர் பள்ளி, மனவளர்ச்சி குன்றியோர் பள்ளி, ஆட்டிசம் மையம் எல்லாவற்றிலும் வேலையின் தினுசே வேறு. அங்கே இருந்தவர்களிடமும் கேளுங்கள்.

முதலில் அந்தப் பொறுமை விஷயம். பணியில் இருந்த காலம் முழுக்க எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். பேருந்தில், கல்யாண வீட்டில், வங்கியில், எங்கே வேலை என்று சொன்னாலும் "உங்களுக்கு எவ்வளவு பொறுமை!" என்பார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வெறும் பொறுமையோடு ஒரு குழந்தையின் பக்கத்தில் பத்து வருடம் உட்கார்ந்திருக்கலாம். குழந்தை ஒன்றும் கற்றிருக்காது. இது முறையாகப் படித்து, கையும் கண்ணும் பழகிச் செய்ய வேண்டிய தொழில். சேவை, தியாகம், புண்ணியம் என்று பேசிப் பேசியே இந்தத் துறையில் சம்பளத்தையும் குறைத்தார்கள், பயிற்சி இல்லாதவர்களையும் வகுப்பில் விட்டார்கள். உங்கள் மகளுக்கு நான் சொல்ல வேண்டியதெல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவில் காது கேளாதோருக்கான பள்ளிகள் 1880களில் மும்பையில் தொடங்கின. கொல்கத்தா பள்ளி 1893ல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள், பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற மிஷனரி அம்மையார் பள்ளியைத் தொடங்கிவிட்டார். அது இன்றும் அவர் பெயரிலேயே மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. சென்னையில் லிட்டில் பிளவர் கான்வென்ட், 1969ல் மிகச் சிறு பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பால வித்யாலயா என்று ஒவ்வொன்றும் தனித்தனி வழி. நான் சேர்ந்த காலத்தில் பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு ஜூனியர் டிப்ளமோ என்ற பயிற்சி இருந்தது. அதை முடித்துவிட்டு வந்தவர்கள்தான் நாங்கள்.

சரி, ஒரு நாள் எப்படி இருக்கும்?

காது கேளாதோர் பள்ளியில் கீழ் வகுப்புகளில் எட்டு, பத்துப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். வரிசையாக உட்கார வைக்கக் கூடாது. அரை வட்டமாக உட்கார வேண்டும். அப்போதுதான் ஆசிரியர் முகமும் தெரியும், பேசுகிற இன்னொரு பிள்ளையின் முகமும் தெரியும். நாம் சன்னலுக்கு முன்னால் நிற்கக் கூடாது. முதுகுப் பக்கம் வெளிச்சம் வந்தால் முகம் இருட்டாகி உதடு தெரியாது. கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேசக் கூடாது. எழுது, திரும்பு, அப்புறம் பேசு. ஆண் ஆசிரியர்கள் மீசை உதட்டை மறைக்காமல் கத்தரித்துக்கொள்வார்கள். பயிற்சியில் இதெல்லாம் முதல் வாரமே சொல்லித் தருவார்கள். ஆனாலும் உடம்பில் ஊறக் கொஞ்ச நாள் ஆகும்.

காலையில் முதல் வேலை மிஷின் பார்ப்பது. காது கேட்கும் கருவியைப் பிள்ளைகளும் பெற்றோர்களும் மிஷின் என்றுதான் சொல்வோம். அப்போது எல்லாம் நெஞ்சில் மாட்டும் பெட்டி மிஷின். வெள்ளைத் துணிப் பையில் பெட்டி, அதிலிருந்து காதுக்கு வயர். பென்சில் செல் தீர்ந்திருக்கும், வயர் உள்ளே அறுந்திருக்கும், வியர்வையில் செல் வைக்கும் இடம் பச்சையாகப் பூத்திருக்கும், காதில் வைக்கும் மோல்டில் அழுக்கு அடைத்திருக்கும். பிள்ளை வளர வளரக் காதும் வளரும். பழைய மோல்டு தளர்ந்து 'கீ' என்று விசிலடிக்கும். அந்த விசில் நமக்குக் கேட்கும், பிள்ளைக்குக் கேட்காது. பல வீடுகளில் அந்தச் சத்தம் பொறுக்காமல் மிஷினையே அணைத்து வைத்துவிடுவார்கள்.

மிஷின் சரியாக இருந்தால் அடுத்தது ஆறு ஒலிச் சோதனை. டேனியல் லிங் என்பவர் வகுத்தது. வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேட்டால் பிள்ளை ஒரு மணியை எடுத்துக் கம்பியில் கோக்கும். இந்த ஆறு ஒலிகளும் தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதி வரை பேச்சின் முழு வீச்சையும் தொட்டுவிடும். நேற்று வரை 'ஷ்' கேட்ட பிள்ளை இன்று கேட்கவில்லை என்றால் செல் போயிருக்கலாம், மோல்டு அடைத்திருக்கலாம், சளி பிடித்துக் காது அடைத்திருக்கலாம், கேட்கும் திறனே இன்னும் குறைந்திருக்கலாம். எது என்று அன்றைக்கே கண்டுபிடிக்க வேண்டும். இது பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் தொடங்கும் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு அன்று முழுவதும் ஒன்றும் போய்ச் சேராது.

பேச்சுப் பயிற்சி பற்றி எல்லோரும் கேட்பார்கள். கண்ணாடி முன்னால் பிள்ளையும் நானும் உட்காருவோம். 'ப' சொன்னால் உதட்டுக்கு முன்னால் பிடித்திருக்கும் தாள் துண்டு ஆட வேண்டும். 'ம' சொன்னால் மூக்கின் மேல் வைத்த விரல் அதிர வேண்டும். ஏன் இவ்வளவு பாடு என்றால், உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடியது ரொம்பக் குறைவு. சத்தம் வராமல் கண்ணாடி முன் நின்று படம், மடம், பணம், மணம் என்று சொல்லிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். ப, ம இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடும். ட, ண இரண்டுக்கும் நாக்கு உள்ளே ஒரே இடத்தில் மடியும். க எங்கே உருவாகிறது என்று வெளியே தெரியவே தெரியாது. "உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வான்" என்று சினிமாவில் காட்டுவது போல இல்லை. பேசும் சந்தர்ப்பத்தை வைத்து ஊகித்துத்தான் அவர்கள் புரிந்துகொள்கிறார்கள். ஊகிப்பதற்கு முதலில் மொழி தெரிந்திருக்க வேண்டுமே.

அந்த மொழிதான் முழு வேலையும். காது கேளாமையில் பெரிய இழப்பு சத்தமோ பேச்சோ இல்லை. கேட்கும் குழந்தை ஒன்று பள்ளிக்கு வரும்போது ஆயிரக்கணக்கான சொற்களோடு வருகிறது. யாரும் அதற்கு உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. எங்களிடம் ஆறு, ஏழு வயதில் வந்த பிள்ளைகள் பலருக்குத் தன் பெயர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அம்மா, சோறு, தண்ணீர், வெளியே போகலாம் என்பதற்கு வீட்டுச் சைகை சில இருக்கும். அவ்வளவுதான்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு வயது. அப்பா விடுதியில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னது எங்களிடம். பையனிடம் எப்படிச் சொல்வது? அவனுக்கு நாளை என்ற எண்ணத்துக்கே சொல் கிடையாது, சைகையும் கிடையாது. அவனைப் பொறுத்தவரை அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான். இரண்டு நாள் சாப்பிடாமல் கேட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். ஒரு நீளத் தாளில் கட்டம் போட்டேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சூரியன், ஒரு பாய். கடைசிக் கட்டத்தில் பேருந்தும், சட்டைப்பையில் பேனா வைத்த அப்பாவும். தூங்கி எழுந்ததும் அவனையே ஒரு கட்டத்தை அடிக்கச் சொன்னேன். தாளைப் பார்த்துத் தலையாட்டினானே தவிர நம்பவில்லை. வெள்ளிக்கிழமை பேருந்திலிருந்து அப்பா இறங்கியதும் அவரிடம் ஓடவில்லை. உள்ளே ஓடிப் போய் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வந்து, கடைசிக் கட்டத்தையும் அவரையும் மாற்றி மாற்றித் தொட்டுக் காட்டினான். அடுத்த வாரம் அவனே புதுத் தாள் கேட்டான். அந்தத் தாளில்தான் அவனுக்கு நேற்று, இன்று, நாளை, போனான், வருவான் எல்லாம் தொடங்கியது. இலக்கணப் புத்தகத்தில் காலம் என்று ஒரு பக்கத்தில் முடியும் பாடம் அது.

இப்படிச் சொல்லித் தருவதற்கு முறைகள் இருக்கின்றன. நாங்கள் 'செய்தி' என்று சொல்லும் வகுப்பு தினமும் காலையில் நடக்கும். நேற்று என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் சைகையிலோ படத்திலோ பேச்சிலோ சொல்ல, அதை நாம் முழு வாக்கியமாக்கிப் பலகையில் எழுதுவோம். அப்புறம் 'செயல்வழி' வகுப்பு. எலுமிச்சம்பழச் சாறு போடுகிறோம் என்று வையுங்கள். நறுக்கு, பிழி, கரை, வடிகட்டு, ஊற்று, குடி எல்லாம் கையில் நடக்கும்போதே சொல் வரும். முடிந்ததும் "கலா கத்தியால் பழத்தை நறுக்கினாள்" என்று எழுதுவோம். சிக்கலே அங்கேதான் வரும். 'ஆல்', 'ஐ', 'கு' எல்லாம் சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு, அழுத்தமில்லாமல் ஓடிவிடும் சத்தங்கள். கேட்பவர்களுக்கே பாதி காதில் விழாது. எங்கள் பிள்ளைகளுக்கு அவை இருப்பதே தெரியாது. "ராமு கலா பேனா கொடுத்தான்" என்று எழுதுவார்கள். யார் யாருக்குக் கொடுத்தது? இதற்காகவே வகுப்பில் பேனாவைக் கைமாற்றிக் கைமாற்றி, 'கு' என்று எழுதிய அட்டையை வாங்குகிறவர் கழுத்தில் மாட்டி நடத்துவோம். ஐந்தாம் வகுப்பு முடியும் வரை இது ஓயாது. படித்துப் பட்டம் வாங்கி நல்ல வேலையில் இருக்கும் என் பழைய மாணவர்களில் சிலரும் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் வேற்றுமை உருபு இல்லாமல்தான் எழுதுவார்கள். அதைப் பார்த்து அறிவு குறைவு என்று எடைபோடும் அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது அதுதான்.

சைகை மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1880ல் இத்தாலியில் மிலான் நகரில் காது கேளாதோர் ஆசிரியர்கள் மாநாடு ஒன்று கூடி, பேச்சு வழிதான் சிறந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. அங்கே ஓட்டுப் போட்டவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானத்தின் நிழல் நூறு வருடம் கழித்து எங்கள் ஊர்ப் பள்ளிகள் வரை விழுந்தது. வகுப்பில் சைகை கூடாது என்பதுதான் நான் சேர்ந்த காலத்துக் கொள்கை. ஆனால் விடுதியில் விளக்கணைக்கும் வரை பிள்ளைகள் சைகையில்தான் சண்டை போடுவார்கள், கதை சொல்வார்கள், கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். பெரிய பிள்ளைகளிடமிருந்து சின்னப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் மொழி போய்ச் சேர்ந்தது. எங்களில் பலர் சைகை கற்றது பயிற்சிக் கல்லூரியில் அல்ல, விடுதி வராந்தாவில், அந்தப் பிள்ளைகளிடம்தான். இந்திய சைகை மொழிக்கென்று மத்திய அரசின் ஆய்வு, பயிற்சி மையம் தில்லியில் வந்ததே 2015ல்தான். அதன் அகராதி 2018ல் 3,000 சொற்களோடு வந்து, பிறகு 10,000 சொற்களாக விரிந்தது. என் கருத்து இது: குழந்தைக்கு எந்த வழியிலாவது முழுசாக ஒரு மொழி சின்ன வயதில் கிடைக்க வேண்டும். பேச்சுக்கு வாய்ப்புள்ள பிள்ளைக்குப் பேச்சும் சேரட்டும். பேச்சு வருமா என்று காத்திருந்தே மொழி இல்லாமல் எட்டு வயதைத் தாண்டிவிட்ட பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

தாமதத்துக்குக் காரணம் வீட்டில்தான் தொடங்கும். "இவன் மாமாவும் நாலு வயசில்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வார். குழந்தைக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்ப்பார்கள்; தரையின் அதிர்விலோ நிழல் ஆடியதிலோ குழந்தை திரும்பும்; "காது நன்றாகக் கேட்கிறது" என்று முடிவு செய்துவிடுவார்கள். அப்புறம் கோவில், நேர்த்திக்கடன், நாக்குக்கு வசம்பு. நம்மூரில் சொந்தத்தில், குறிப்பாகத் தாய்மாமனைக் கல்யாணம் செய்த குடும்பங்களில் பிறவிக் காது கேளாமை கூடுதலாகத் தெரிகிறது. ஒரே வீட்டிலிருந்து அண்ணன், தங்கை, தம்பி என்று வந்து படித்த குடும்பங்கள் எங்கள் பள்ளியில் இருந்தன. கர்ப்ப காலத்தில் தாய்க்கு வரும் ரூபெல்லா என்ற அம்மை நோய் இன்னொரு காரணம். அது காதோடு கண்ணையும் இதயத்தையும் சேர்த்துத் தாக்கும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவிப் பல பெற்றோர் பயந்தார்கள். அந்த ஊசி எதைத் தடுக்கிறது என்று எங்கள் பள்ளிக்கு ஒரு முறை வந்து பார்த்திருந்தால் பயந்திருக்க மாட்டார்கள்.

என் காலத்தின் கடைசிப் பத்து ஆண்டுகளில் துறையே மாறிவிட்டது. உள்காதில் கேட்கும் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவை சிகிச்சை ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கத் தொடங்கியது. கூலி வேலை பார்ப்பவரின் பிள்ளைக்கும் பல லட்சம் ரூபாய் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது பெரிய விஷயம். ஒரு வயதில் கண்டுபிடித்து, ஆபரேஷன் செய்து, விடாமல் பயிற்சி கொடுத்த பிள்ளைகள் சாதாரணப் பள்ளியில் எல்லோரோடும் படிக்கிறார்கள். ஆனால் கருவியை உள்ளே வைத்ததும் பேச்சு வந்துவிடும் என்று நம்பிப் பயிற்சியைப் பாதியில் விட்டவர்களும் இருக்கிறார்கள். வெளியே மாட்டும் பகுதி பழுதானால் செலவு செய்ய முடியாமல் அலமாரியில் வைத்துவிட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைகள் எட்டு, ஒன்பது வயதில் எங்களிடம் வந்தார்கள், சைகையும் தெரியாமல், பேச்சும் இல்லாமல். கருவி எவ்வளவு மேலானதோ, அதற்குப் பின்னால் பயிற்சி பெற்ற ஆசிரியர் அவ்வளவு தேவை. அரசு அறுவை சிகிச்சைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைப் பின்பயிற்சி கொடுப்பவர்களின் நிரந்தர ஊதியத்துக்குக் கொடுத்தால் இந்தப் பிள்ளைகளில் பலர் பேசியிருப்பார்கள்.

இனி வருமானம். இங்கேதான் உங்கள் சொந்தக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது.

எனக்கு அரசு உதவி பெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் கிடைத்தது. மற்ற ஆசிரியர்களுக்கு உள்ள ஊதிய விகிதம், அகவிலைப்படி, ஊதியக்குழு உயர்வு எல்லாம் எனக்கும் வந்தது. வீடு கட்டினோம், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். இப்போது ஓய்வூதியம் வாங்குகிறேன். அதே பள்ளியில், 2003 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குள் போய்விட்டார்கள். அதே கட்டடத்தில் நிர்வாகம் நியமித்த ஆசிரியர்களும் இருந்தார்கள். அதே படிப்பு, அதே வேலை, என் சம்பளத்தில் சிறு பங்கு. சர்வ சிக்ஷா அபியான் என்ற அனைவருக்கும் கல்வித் திட்டம் வந்த பிறகு வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். ஒருவருக்குப் பல பள்ளிகள். அது போக, படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி. ஸ்கூட்டிக்குப் பெட்ரோல் போட்டே சம்பளம் கரையும். இப்படியே பல வருடம் ஓட்டி, பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தவர்களில் என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்களும் இருந்தார்கள். பொறுமைசாலிகள் என்று எல்லோரும் பாராட்டியதும் இவர்களைத்தான்.

சட்டம் இப்போது ஓரளவு துணைக்கு வருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. 2021ல் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர் இருக்க வேண்டும் என்றது. பொதுப் பள்ளிகளில் நிரந்தரப் பணியிடம் உருவாக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு அந்தத் தீர்ப்பு பெரிய பலம். உங்கள் மகள் படித்து முடிக்கும்போது என்னைப் போல ஒரே குறைபாட்டுக்கென்று இருக்கும் சிறப்புப் பள்ளியில் ஆசிரியராக இருப்பதைவிட, சாதாரணப் பள்ளியில் ஐந்தாறு விதப் பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அது என் வேலையைவிடக் கடினமானது. கூட வேலை பார்க்கும் மற்ற ஆசிரியர்களையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழந்தையின் முக மட்டத்துக்குக் குனிந்தே இருந்ததில் கழுத்தும் முழங்காலும் போகும். நாள் முழுக்க அளந்து பேசியதில் தொண்டை கட்டும். மனசுக்கு வரும் களைப்பு வேறு மாதிரி. பத்தாம் வகுப்பில் பிள்ளைகளுக்கு ஒரு மொழிப்பாடம் விலக்கு, கூடுதலாக ஒரு மணி நேரம் என்று சலுகை உண்டு. தேர்ச்சிக்கு அது பெரிதும் உதவியது. ஆனால் ஆங்கிலத்தை விட்டுவிட்ட பிள்ளைகள் வேலைக்கு என்று போய் நின்றபோது திணறியதையும் பார்த்தேன். சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் வந்தது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய கதவு. அதற்கு முன்னால் தையல், அச்சகம், தச்சு, அதோடு நின்றுவிடும்.

ஓய்வு பெற்ற பிறகு வேலை நின்றுவிடவில்லை. கைப்பேசியில் வீடியோ அழைப்பு வந்தது காது கேளாதவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. இரவு எட்டு மணிக்கு மேல் என் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருக்கும். பெண் பார்க்க வந்திருக்கிறார்கள், டாக்டர் என்ன சொல்கிறார் என்று புரியவில்லை, வங்கியில் எதற்கோ கையெழுத்து கேட்கிறார்கள், டீச்சர் பேசுங்கள் என்று கூப்பிடுவார்கள். ஒரு பக்கம் சைகை, ஒரு பக்கம் பேச்சு. கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்திருக்கிறேன். இதைவிடக் கனமான வேலையும் வரும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தில், பாதிக்கப்பட்ட குழந்தை மாற்றுத்திறனாளியாக இருந்தால் வாக்குமூலம் பதியும்போது சிறப்புக் கல்வி ஆசிரியரின் உதவியைப் பெற வழி இருக்கிறது. அந்த அறையில் உட்காரும்போது, குழந்தை காட்டாத ஒன்றை நாமாகச் சேர்த்துவிடக் கூடாது, காட்டிய ஒன்றை விட்டுவிடவும் கூடாது. அங்கே தேவைப்படும் துல்லியத்தை எனக்குக் கொடுத்தது அந்த எலுமிச்சம்பழ வகுப்புதான்: யார், யாருக்கு, எதை, எதனால்.

உங்கள் மகள் சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை. இந்தப் படிப்புகளை முறைப்படுத்துவது இந்திய மறுவாழ்வு மன்றம், ஆர்சிஐ. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அதன் அங்கீகாரம் இல்லாத இடத்தில் எவ்வளவு அழகான சான்றிதழ் தந்தாலும் பணம் கட்டாதீர்கள். படித்து முடித்ததும் மத்தியப் பதிவேட்டில் பதிவு எண் வாங்க வேண்டும். பதிவு இல்லாமல் வேலை பார்ப்பது அந்தச் சட்டப்படி தண்டனைக்குரியது. அந்தப் பதிவையும் பயிற்சி முகாம்களில் கலந்துகொண்டு அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். பிளஸ் டூவுக்குப் பின் டிப்ளமோ சேரலாம், பட்டம் முடித்துச் சிறப்புக் கல்வியில் பி.எட். போகலாம். பணம் அனுமதித்தால் பட்டமும் பி.எட்.டும்தான் நல்லது, உயர்நிலை வகுப்புப் பணியிடத்துக்கு அது வேண்டும். பாடத்திட்டமும் சேர்க்கை விதியும் அடிக்கடி மாறுகிறது, சேரும் ஆண்டில் ஆர்சிஐ தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை முட்டுக்காட்டில் பன்முகக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. கோவையில் அவினாசிலிங்கம், பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண மிஷன் வளாகம் இரண்டும் இந்தத் துறையில் பழையவை.

எந்தக் குறைபாட்டில் சிறப்புப் பயிற்சி எடுப்பது என்பதை வேலை வாய்ப்பை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மொழியும் ஒலியும் பிடித்தவளா, காது கேளாதோர் பிரிவு. தொட்டுத் தடவிக் கற்பிப்பதும் கருவிகளும் பிடிக்குமா, பார்வையற்றோர் பிரிவு. பிரெயிலில் எழுதும்போது ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்தி, திருப்பிப் போட்டு இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். அதில் ஆர்வம் வருகிறதா என்று பார்க்கலாம். சட்டைப் பொத்தான் போடுவதைப் பத்துப் படியாகப் பிரித்து, எந்தப் படியில் குழந்தை நிற்கிறது என்று கண்டுபிடிப்பதில் சந்தோஷம் வருமா, அறிவுசார் குறைபாட்டுப் பிரிவு. விண்ணப்பம் போடுவதற்கு முன் பக்கத்தில் இருக்கும் சிறப்புப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். பிள்ளைகளைப் பார்த்துப் பரிதாபம் வருகிறதா என்று பார்க்க வேண்டாம், அது எல்லோருக்கும் முதல் நாள் வரும். மூன்றாம் நாள், ஒரு பிள்ளை ஏன் இதைச் செய்யவில்லை என்ற கேள்வி அவளுக்குத் தானாக வந்து, வீட்டுக்கு வந்தும் அதையே பேசிக்கொண்டிருந்தால் தயங்காமல் சேர்த்துவிடுங்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் என்றால் எந்தப் பள்ளியில் போய்க் கேட்கலாம் என்று நான் சொல்கிறேன்.